புதன்கிழமை எங்கள் முறை

ஓல்ட்டனில் நவம்பர் என்றால்
ஆறு இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.
மூடுபனிக்குள்ளிருந்து ஒலிபெருக்கி மட்டும்
பேர்ணுக்கும் பாசலுக்கும் ரயில்களைக் கூப்பிடும்.

எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில்
சலவை அட்டவணை தொங்குகிறது.
புதன், ஏழிலிருந்து ஒன்பது: என் பெயர்.
எழுதியவர் வீட்டுப் பொறுப்பாளர் பூர்கி,
நடுவில் ஓரெழுத்தைத் தின்றுவிட்டார்.

முதலில் வந்தவள் மூன்றாம் மாடி யோகராணி.
போர்வை உலர்த்த வந்தவள்
மெசின் சுழலத் தொடங்கியதும்
"எனக்கு இவரோடை இருக்க விருப்பமில்லை" என்றாள்,
சோப்புத்தூள் எவ்வளவு போடுவது என்று கேட்கிற குரலில்.
நான் பதில் சொல்லவில்லை.
இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.
அதனால் இன்னொரு முறை சொன்னாள்.
இரண்டாம் முறை அது
வேறு வசனமாக இருந்தது.

அப்படித்தான் தொடங்கியது.
சங்கம் இல்லை, தலைவர் இல்லை,
பொருளாளர் இல்லாததால் கணக்குச் சண்டையும் இல்லை.
ஐந்து பேர்.
கவிழ்த்த துணிக்கூடைகள் மூன்று, ஒரு மடிப்புக் கதிரை,
யாரோ விட்டுப்போன பனிச்சறுக்கு வண்டி,
ஃப்ளாஸ்கில் பிளேன்ரீ.

விதி என்று ஒன்றை ஆரபிதான் சொன்னாள்,
இங்கே பிறந்தவள், தாதிப் படிப்பு, இருபத்தொரு வயது:
"ஒருத்தரும் ஒருத்தருக்கும் புத்தி சொல்லக் கூடாது."
பக்கத்து வீதி அன்ரன் அண்ணை சிரித்தார்:
"அப்ப நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது பிள்ளை?"
முதல் மூன்று புதன்களும் அவருக்கு
நாக்கைக் கடித்தே போயின.

கோயிலிலும் கதைக்கிறோம்தான்.
சாமத்தியவீட்டு மண்டபத்திலும்.
கார் என்ன மொடல், மகன் என்ன படிப்பு,
சுகமோ என்றால் சுகம்.
முப்பது வருசமாக இந்த நாட்டில்
எல்லாருக்கும் சுகம்.

குகதாசன் ஏழு கிழமை வாயே திறக்கவில்லை.
உணவகத்தில் பாத்திரம் கழுவி ஊறிப்போன விரல்களால்
மற்றவர்களின் காலுறைகளுக்குச் சோடி தேடிக்கொண்டிருப்பார்.

எட்டாவது புதன் மெசின் பழுது.
கதவில் பூர்கியின் துண்டுக் கடதாசி:
மன்னிக்கவும், வெள்ளி வரை.
ஐந்து பேரும் வெறுங்கையோடு வந்திருந்தோம்.
துணி எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று
அப்போதுதான் தெரிந்தது.

மேலே யாரோ குளித்த தண்ணீர்
சுவர்க் குழாய் வழியே எங்களைக் கடந்து போனது.
பிறகு அதுவும் இல்லை.

குகதாசன் தன் கைகளைப் பார்த்தார்.
"எண்பத்தாறாம் ஆண்டு," என்றார்.
"உங்கடை தம்பி எந்த இயக்கம் எண்டு எனக்குத் தெரியும்.
அந்தக் கிழமை உங்கடை ஒழுங்கை முகப்பிலை
காவலுக்கு நிண்டது நான்.
நான் சுடேல்லை.
ஆனா நிண்டனான்."

அன்ரன் அண்ணை விதியை மறக்கவில்லை.
புத்தி சொல்லவில்லை.
மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.
ஃப்ளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்தார்,
ஊற்றாமல் மூடினார்.
"அவன் அண்டைக்கு என்ரை சேட்டைப் போட்டிருந்தவன்.
நீலக் கோடு போட்டது.
பாத்தனீரோ?"

"ஓம்."

ஆரபிக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது.
யோகராணி கொடியிலிருந்த வெறும் கிளிப்புகளை
ஓரமாகத் தள்ளிக்கொண்டேயிருந்தாள்.
ஒன்பதுக்கு விளக்கு தானாக அணைந்தது.
கொஞ்ச நேரம்
ஒருவரும் ஆளியைத் தேடவில்லை.

அடுத்த புதன் அன்ரன் அண்ணை வரவில்லை.
அதற்கடுத்த புதனும்.
மெசின் திருந்திவிட்டது, நாங்கள் திருந்தவில்லை,
யோகராணியின் வாடகை வீடு பற்றி,
ஆரபி அம்மாவிடம் சொல்லாத காதல் பற்றி
அரைகுறையாகக் கதைத்தோம்.
குகதாசன் ஒவ்வொரு முறையும்
மடிப்புக் கதிரையை விரித்து வைத்துவிட்டுத்
தான் கூடைமேல் இருந்தார்.

தை மாதம், முழங்கால் அளவு பனி.
படியில் சப்பாத்துத் தட்டும் சத்தம்.
கையில் ஒரு பை அழுக்குத் துணி.
"வீட்டிலை புது மெசின் வாங்கியாச்சு,"
என்றார் அன்ரன் அண்ணை ஒருவரையும் பாராமல்,
"அது சத்தம் போடுறேல்லை."